கிங், மால்கம் எக்ஸ், ஹேமர்: யார் பேச்சுக்கு வலு அதிகம்?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்ட காலத்தில் பேசப்பட்டவற்றுள் பேச்சுத்திறனில் உச்சம் எது? மார்ட்டின் லூதர் கிங்கின் 'எனக்கொரு கனவு உண்டு' உரைதானா?

பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் சொல்வார்கள். என் ஓட்டு, பருத்திக் காட்டுத் தொழிலாளியாக இருந்து போராட்டத்துக்கு வந்த ஃபேனி லூ ஹேமர் என்ற பெண்மணிக்கு. அதற்கு முன்னால் கிங்குக்கு உரியதைக் கொடுத்துவிடலாம்.

1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன், லிங்கன் நினைவகம். எதிரே சுமார் இரண்டரை லட்சம் பேர். 17 நிமிடப் பேச்சு. அதில் எனக்குப் பிடித்த இடம் கனவு அல்ல, முதல் பாதியில் வரும் காசோலை. எல்லாருக்கும் உரிமை உண்டு என்று இந்த நாடு எழுதிக் கொடுத்தது ஒரு கடன் பத்திரம். கறுப்பினத்தவர் அதை மாற்றப் போனபோது 'கணக்கில் பணமில்லை' என்று செக் திரும்பி வந்துவிட்டது என்கிறார் கிங். கடன் வாங்கியவன் ஏமாற்றினால் என்ன கோபம் வரும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உரிமை கேட்பவர் ஒரே நொடியில் கடன் கொடுத்தவராகிவிடுகிறார்.

கனவு அன்றைக்கு எழுதிக்கொண்டு வந்த உரையில் இல்லை. மேடையில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், "கனவைப் பற்றிச் சொல்லுங்கள், மார்ட்டின்" என்று குரல் கொடுத்ததாகச் சொல்வார்கள். கிங் தாளை விட்டு நிமிர்ந்தார். அதற்காக அது அந்த நிமிடத்தில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டு மாதம் முன்பு டெட்ராய்ட்டிலேயே அந்தக் கனவைப் பேசியிருந்தார். பாதிரியார்களிடம் இப்படிப் பேசித் தேய்ந்த பகுதிகள் கைவசம் நிறைய இருக்கும், சபையைப் பார்த்து எடுத்துவிடுவார்கள். (நம்மூர் மேடைகளிலும் ஒரே கதையை நான்கு ஊரில் கேட்டிருப்போமே!) ஒரே தொடக்கம் திரும்பத் திரும்ப வர, கூட்டம் பதில் குரல் கொடுக்க, அலைமேல் அலையாக ஏறும். அடுக்குமொழி கேட்டு வளர்ந்த நமக்கு அது உடனே பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஒரு குறை மட்டும் சொல்வேன். கனவு எல்லாருக்கும் வசதியானது, யார் வேண்டுமானாலும் மேற்கோள் காட்டலாம். திரும்பி வந்த செக்கை அவ்வளவாக யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அதே மேடையில் 23 வயது மாணவர் இயக்கத் தலைவர் ஜான் லூயிஸும் பேசினார். அவர் எழுதி வந்ததில் இருந்த காரமான வரிகளைப் பெரியவர்கள் கடைசி நேரத்தில் மாற்றவைத்தார்கள். அப்படியும் அன்றைய பேச்சுகளில் சூடு அதிகம் அவருடையதில்தான்.

அதே காலக் கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸ் வேறு ரகம். 1964 ஏப்ரல் 3 அன்று கிளீவ்லாந்தில் ஒரு தேவாலயத்தில் பேசிய 'வாக்குச் சீட்டா, துப்பாக்கிக் குண்டா' உரையை எடுத்துக்கொள்ளுங்கள். சகோதர சகோதரிகளே, நண்பர்களே என்று ஆரம்பித்து, "எதிரிகளே" என்றும் சேர்த்துக்கொள்கிறார். இங்கே இருக்கிற எல்லாரும் நண்பர்கள் என்று நம்ப முடியவில்லை, யாரையும் விட்டுவிடவும் விருப்பமில்லை என்று காரணம் வேறு. கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் வாதத்துக்கு வந்துவிடுவார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன் என்பதாலேயே நான் சாப்பிட்டவன் ஆகிவிடுவேனா, என் தட்டில் ஒன்றும் இல்லையே. அமெரிக்காவில் பிறந்ததால் மட்டும் அமெரிக்கன் ஆகிவிட முடியாது என்பார். மறுத்துப் பேச இடமே தராத பேச்சு. மூளைக்கு வேலை கொடுப்பதில் மூவரில் அவரே முதல். ஆனால், ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருப்பவரிடம் எடுபடுகிற அளவுக்கு மற்றவரிடம் அது எடுபடுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சரி, ஹேமருக்கு வருவோம். மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் விளைச்சலில் பங்குக்கு உழைத்த குடும்பம், 20 பிள்ளைகளில் கடைசி. மாநிலத்திலிருந்து வெள்ளையர்கள் மட்டுமே, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதிகளாக வந்ததை எதிர்த்து, மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி சார்பில் அட்லாண்டிக் சிட்டிக்கு வந்திருந்தார். 1964 ஆகஸ்ட் 22, பிரதிநிதிகளின் தகுதியை முடிவு செய்யும் குழு முன்பு சாட்சியம். சுமார் எட்டு நிமிடம்.

ஆரம்பமே முகவரி. பெயர், வீட்டு எண் 626, தெருப் பெயர், ரூல்வில், சன்ஃபிளவர் மாவட்டம். அப்புறம் அது, கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தருவதை எதிர்த்த செனட்டர் ஈஸ்ட்லாந்தின் ஊர் என்பதும். வாக்காளராகப் பெயர் பதியப் போனதற்காக அவர் தங்கியிருந்த வீட்டின் மீது ஏற்கெனவே துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அப்படிப்பட்டவர் நாடே பார்க்கும் தொலைக்காட்சியில் கதவு எண்ணைச் சொல்கிறார். இதைவிடத் துணிச்சலான முதல் வரி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறார், அவ்வளவுதான். 1962 ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் 26 மைல் பயணம் செய்து இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் பதியப் போனார்கள். திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை நிறுத்தியது; தவறான நிறத்தில் பேருந்து ஓட்டியதாக ஓட்டுநர் மேல் குற்றம். ஹேமர் 18 வருடம் வேலை பார்த்த தோட்டத்தின் முதலாளி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறச் சொல்ல, "உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்றார். அன்றிரவே வெளியேற வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு ஜூனில் கைதாகி, மிசிசிப்பியின் வினோனா ஊர்ச் சிறை. போலீஸார் கறுப்பினக் கைதிகள் இருவரை ஏவி அவரை அடிக்கவைத்தார்கள்; முதல் ஆள் களைத்துப்போனதும் இரண்டாமவன். சிறுவயதில் போலியோ வந்ததால் இடது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டதையும் சொல்கிறார். விலகிய உடையை இழுத்துவிட, ஒரு வெள்ளைக்காரர் அதை மறுபடி மேலே தூக்கியதையும். ஒரு அடைமொழி கிடையாது. தலைவர்களின் பேச்சில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: பேசுகிறவரின் உடம்பே சான்று. கேட்பவர் உச்சுக்கொட்டிவிட்டு நகர முடியாது, அந்தக் குழு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். கடைசியில்தான் கேள்வி: நாகரிகமான மனிதர்களாக வாழ ஆசைப்பட்டதற்காகத் தினமும் கொலை மிரட்டல் வந்து, தொலைபேசியை எடுத்து வைத்துவிட்டுத் தூங்க வேண்டிய இதுவா அமெரிக்கா?

இதன் வலுவை முதலில் புரிந்துகொண்டவர் அதிபர் லிண்டன் ஜான்சன்தான் என்பேன். ஹேமர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவசரமாகப் பத்திரிகையாளர் சந்திப்பைக் கூட்டி, கேமராக்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பலிக்கவில்லை. அன்றிரவு தொலைக்காட்சிகள் சாட்சியத்தை ஒளிபரப்பிவிட்டன. அன்றைக்கு கிங்கும் அதே குழு முன்பு பேசினார். அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

உடனடிப் பலன் பெரிதில்லை. பேரத்தில் ஹேமரின் கட்சிக்கு மாநாட்டில் இரண்டு இடம் தருவதாகச் சொன்னார்கள், ஹேமர் மறுத்துவிட்டார். 1968 சிகாகோ மாநாட்டில் பிரதிநிதியாகவே உட்கார்ந்தார்.

பேச்சுப் போட்டிக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் கிங்கை எடுங்கள், கைதட்டல் நிச்சயம். விவாத மேடை என்றால் மால்கம். ஹேமரை மேடையில் நடித்துக் காட்ட முயல வேண்டாம், ஒலிப்பதிவு கிடைக்கிறது, அவர் குரலிலேயே கேளுங்கள்.