வளர்த்த பூனை திடீரெண்டு பாஞ்சு கடிச்சா சாக்கைத் தேடாதேங்கோ

கேள்வி: டொக்டர், நாங்கள் விசுவமடுப் பக்கம். எங்கட கடுவன் பூனைக்கு மூண்டு வயசு, குட்டியில இருந்து என்ர கையில வளர்ந்தது, ஒரு நாளும் ஆரையும் கடிச்சதில்ல. ஞாயிறு இரவு யன்னல்ல இருந்து வெளிய பாத்து உறுமிக்கொண்டு இருந்தது, நான் தூக்கப் போனன், சடாரெண்டு திரும்பி கையில நாலு இடத்தில கடிச்சு காலையும் பிறாண்டிப் போட்டுது. இண்டைக்கு மூண்டு நாள், இன்னும் என்னைக் கண்டா சீறுது, ஆனா மகளோட விளையாடுது, மீனும் தின்னுது. மாமி விசர் பிடிச்சிட்டுது எண்டு சொல்லி சாக்கில கட்டிக் கொண்டு போய் குளக்கட்டில விடச் சொல்லுறா. கைக்கு மஞ்சள் பூசினனான். பூனைக்கு எங்கயும் நோகுதோ தெரியேல்ல, அரைப் பனடோல் கரைச்சுக் குடுக்கலாமோ?

பதில்: தங்கச்சி, கடைசியா கேட்டதுக்கு முதல் மறுமொழி. பனடோல் குடுக்காதேங்கோ, அரையும் வேண்டாம் காலும் வேண்டாம். மனுசருக்கும் நாய்க்கும் ஈரல்ல அந்த மருந்தை உடைச்சு வெளிய தள்ளுற வழி இருக்கு, பூனைக்கு அது சரியா இல்ல, உள்ள போனது ரத்தத்தைக் கெடுத்து முரசு மண்ணிறமாகி முகமும் பாதமும் வீங்கி மூச்சுக்குத் தவிச்சு செத்துப் போகும். நாலு கிலோப் பூனைக்கு 500 மில்லிகிராம் குளிசையில பாதியே போதும். நல்ல மனசோட குடுத்துப்போட்டு அழுதுகொண்டு வந்த ஆக்களை நான் கன பேரைப் பாத்திட்டன்.

இப்ப உங்கட கை. பூனையை விட எனக்கு அதுதான் யோசினையா இருக்கு. மூண்டு நாள் போட்டுது, இனி என்ன எண்டு இருக்காதேங்கோ, இதை வாசிச்ச கையோட மஞ்சளைக் கழுவிப் போட்டு, சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் தேய்ச்சுக் கழுவுங்கோ, பிறகு நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. கடிச்ச உடனயே செய்திருக்க வேண்டிய வேலை, பரவாயில்ல, இப்பவாவது செய்யுங்கோ. விசர்நோய்க் கிருமி மனுச உடம்பில அறிகுறி காட்ட பெரும்பாலும் ஒண்டில இருந்து மூண்டு மாசம் எடுக்கும், அதால பிந்திப் போனாலும் ஊசிக்குப் பலன் இருக்கு, ஆனா அறிகுறி வந்தாப் பிறகு ஒரு டொக்டராலும் ஒண்டும் ஏலாது. அரசாங்க ஆஸ்பத்திரியில ஊசி இலவசம். அங்க கேப்பினம் பூனைக்கு தடுப்பூசி போட்டதோ, கடைசியா எப்ப போட்டது, கார்ட் இருக்கோ எண்டு, இருந்தா கொண்டு போங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு உண்மையைச் சொல்லுங்கோ, வெக்கப்பட்டு பொய் சொல்லிறாதேங்கோ, அதைக் கேட்டுத்தான் அவை ஊசியைத் தீர்மானிக்கிறது. விரல் நுனியில கடி எண்டா அதையும் காட்டுங்கோ, அங்க நரம்பு கூட. ஏற்புவலி ஊசி கடைசியா எப்ப போட்டனீங்கள் எண்டும் யோசிச்சு வையுங்கோ.

விசரை விட்டாலும் பூனைக்கடி லேசுப்பட்டதில்ல. நாய் கடிச்சா கிழியும், பார்க்கப் பயமா இருக்கும், ஆனா கழுவலாம். பூனைப் பல்லு ஊசி மாதிரி, மேல ஒரு புள்ளிதான் தெரியும், கிருமி உள்ள ஆழத்தில போய் இருக்கும், தோல் மூடிடும், உள்ள பழுக்கும். என்ர இடக்கைப் பெருவிரல்ல ஒரு தழும்பு இருக்கு, படிச்சு முடிச்சு வந்த புதிசில ஒரு பூனை குடுத்தது, சின்னக் கடிதானே எண்டு விட்டன், அடுத்த நாள் விடியக் கை மடக்கேலாது, பலூன் மாதிரி வீங்கி நாலு நாள் வாட்டில கிடந்தன், மிருக வைத்தியர் எண்ட பேரோட. அதால வீக்கம், சிவப்பு, விரல் மடக்க நோவு எது இருந்தாலும் ஆஸ்பத்திரியில காட்டுங்கோ, கிருமிக்கு வேற மருந்து தருவினம்.

சரி, பூனைக்கு வருவம். நீங்கள் எழுதினதில எனக்கு முக்கியமாப் பட்டது யன்னல்தான். வெளிய பாத்து உறுமிக்கொண்டு இருந்தது எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். இருட்டுக்குள்ள அது எதைப் பாத்தது? வேற கடுவன் ஒண்டு வளவுக்குள்ள வந்திருக்கலாம், எங்கட பக்கம் மரநாய் கூரையில ஓடும், குரங்குக் கூட்டம் தகரத்தில குதிக்கும், காலபோகம் விளையிற நேரம் வயல்ல யானைவெடி கொழுத்தினா மனுசருக்கே நெஞ்சு திக்கெண்டுது, பூனைக்குக் காது எங்களை விடப் பல மடங்கு கூர்மை. உடம்பு முழுக்கச் சண்டைக்கு முறுக்கேறி நிக்குது, எதிரியிட்டப் போக யன்னல் கம்பி விடேல்ல, அந்த நேரம் பாத்து பின்னால ஒரு கை வந்து பிடிக்குது, அது உங்கட கை எண்டு அதுக்கு அந்தக் கணத்தில தெரியாது, விழுகிற அடி உங்களுக்கு விழுது. அங்க பிடிச்ச கோவத்தை இங்க தீர்க்கிறது. மாமியார் மருமகள்ல தீர்க்கிற மாதிரி எண்டு சொல்லலாம், உங்கட மாமி வாசிச்சா கோவிப்பா, விடுவம்.

கோவம் அடங்க சில பூனைக்கு அரை மணித்தியாலம், சிலதுக்கு ரெண்டு மூண்டு நாள். அதோட, அந்தப் பயமும் உங்கட முகமும் அதின்ர மண்டைக்குள்ள சேர்ந்து பதிஞ்சு போச்சு, அதான் உங்களுக்குச் சீறுது, மகளுக்குச் சீறேல்ல. இதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கு. விசர் எண்டா ஆள் பாத்துச் சீறாது, தின்னாது, வாயால வீணி வடியும், கத்துற சத்தம் மாறும், பின்கால் இழுக்கும், ஒளிக்கும் அல்லது ஒரு காரணமும் இல்லாமல் பாயும், நாளுக்கு நாள் மோசமாகி ஒரு கிழமை பத்து நாளுக்குள்ள செத்துப் போகும். உங்கட பூனை மீன் தின்னுது, விளையாடுது. எண்டாலும் நான் விசர் இல்லை எண்டு இங்க இருந்து சத்தியம் பண்ணமாட்டன், மூண்டு நாள் காணாது. கடிச்ச நாள்ல இருந்து 14 நாள் அது உங்கட கண்ணுக்கு முன்னால உயிரோட, சுகமா இருக்கோணும், அப்பதான் கடிச்ச நேரம் அதின்ர வீணியில கிருமி இருக்கேல்ல எண்டு சொல்லலாம். மாமி சொல்லுற மாதிரி குளக்கட்டில விட்டா அந்தச் சாட்சி போச்சு, அது செத்துதோ இருக்கோ ஒருத்தருக்கும் தெரியாது, நீங்கள் முழு ஊசியும் போட்டுக்கொண்டு பயத்தோட இருக்கவேண்டியதுதான், குளத்தடியில இன்னொரு பிள்ளையைக் கடிச்சா அதுக்கும் ஆர் பொறுப்பு. அந்த நாளுக்குள்ள செத்துப் போனா வெறுங்கையால தொடாதேங்கோ, தாட்டும் போடாதேங்கோ, பீஎச்ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) சொல்லுங்கோ, தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பாப்பினம்.

இந்த 14 நாளும் மகளையும் அதோட விளையாட விடாதேங்கோ, அவளுக்குச் சொல்லுறது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். ஒரு சின்ன அறையில யன்னலுக்குச் சாரமோ பேப்பரோ மறைச்சுக் கட்டி, தண்ணி, சாப்பாடு, ஒரு பேசின்ல மண் வைச்சுப் பூட்டி விடுங்கோ, வீட்டில வளர்ந்த ஆள் ஒருத்தர் மட்டும் போய் வரட்டும். தூக்காதேங்கோ, கண்ணுக்குள்ள உத்துப் பாக்காதேங்கோ, மன்னிப்புக் கேக்கிற மாதிரித் தடவப் போகாதேங்கோ. அடிக்கவே கூடாது, தும்புத்தடியால ஒண்டு குடுத்தா திருந்தும் எண்டு சொல்லுவினம், திருந்தாது, உங்களைக் கண்டா நோகும் எண்டு அது நினைச்சது சரியாப் போயிடும். திரும்பப் பாய வந்தா ஒரு மெத்தையையோ கதிரையையோ நடுவில பிடிச்சு மெல்ல மெல்லப் பின்னுக்கு வாங்கோ, கட்டாயம் பிடிக்க வேணும் எண்டா மொத்தத் துவாய் ஒண்டை மேல போட்டு சுத்தி எடுக்கலாம், வெறுங்கை வேண்டாம். தின்னுற நேரம் கதவு வாசல்ல தூரத்தில நிண்டு ஒரு சூடை மீனை எறிஞ்சு போட்டுப் போங்கோ, ஒண்டும் கதைக்காமல். நாளுக்கு ரெண்டு தரம். அதுவா வந்து காலில உரசட்டும், அதுவரைக்கும் நீங்கள் மீன்காரி மட்டும்தான்.

ஆனா யன்னல் கதையோட நான் நிக்கேலாது, நோவும் ஒரு காரணம். மற்றக் கடுவனோட சண்டை பிடிச்சு வாலடியிலயோ கழுத்திலயோ கடி வாங்கியிருந்தா மயிருக்குக் கீழ சீழ் கட்டும், வெளிய தெரியாது, தூக்கேக்க கை அதில பட்டா கடிக்கத்தான் செய்யும். பல்லுப் பழுது, புடையன் பாம்போட மல்லுக்கட்டினது, அதுகளும் இருக்கு. வயல் மருந்து நக்கினதோ, நாய்க்கு உண்ணிக்குப் பூசுற பேர்மெத்ரின் சேர்ந்த மருந்தைப் பூனைக்குப் பூசினதோ எண்டாலும் நடுக்கமும் வீணியும் வரும், ஆக்கள் விசர் எண்டு நினைப்பினம். கடுவன் எண்டதால முக்கியமா ஒண்டு பாருங்கோ: மண்ணில போய்ப் போய்க் குந்துதோ, முக்குதோ, மூத்திரம் வரேல்லையோ, அந்த இடத்தையே நக்கிக்கொண்டு கத்துதோ. அப்பிடி எண்டா இதை வாசிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ, அண்டைக்கே கொண்டு வரோணும், மூத்திரம் அடைச்ச கடுவன் ரெண்டு மூண்டு நாளுக்கு மேல நிக்காது.

நலமடிக்காத கடுவன் எண்டு நினைக்கிறன், நீங்கள் எழுதேல்ல. 14 நாள் சுகமா முடிஞ்சாப் பிறகு அதைச் செய்வியுங்கோ, விசர்த் தடுப்பூசியையும் சேர்த்துப் போடுவம், பிறகு வருசா வருசம். ஒரு கிழமைக்குள்ள வெளிக்கடுவனோட சண்டை நிண்டிடும் எண்டு இல்ல, மெல்ல மெல்லக் குறையும். அந்த யன்னலுக்கு இரவில சீலை போட்டு விடுங்கோ, குசினிக்குப் பின்னால மீன்தலை எறியிறதையும் நிப்பாட்டுங்கோ, ஊர்க் கடுவன் எல்லாம் அதுக்குத்தான் வருது.

கொண்டு வரேக்க கோழிக்கூடையிலயோ மூடியுள்ள பிளாஸ்ரிக் கூடையிலயோ போட்டு மேல துணி மூடிக் கொண்டு வாங்கோ. மடியில வைச்சு ஓட்டோவில வராதேங்கோ, போன மாசம் ஒருத்தர் அப்பிடி வந்து மாங்குளத்தடியில லொறி ஹோர்ன் அடிக்க, பூனை ஓட்டோக்காரற்ற கழுத்தில ஏறி, நான் முதல் மருந்து கட்டினது ஓட்டோக்காரருக்கு.