சட்ட ஆலோசனை: ஒரு ஈத்து எடுத்துவிட்டு வழக்குப் போடலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. சென்ற ஆண்டு ஆற்காடு பக்கம் நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடம் 35,000 ரூபாய்க்கு லாப்ரடார் பெண் குட்டி வாங்கினேன். அப்போது அதற்கு 45 நாள். 20,000 ஜிபேயில் அனுப்பினேன், மீதியைக் கையில் கொடுத்தேன். கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் கொடுத்தார். தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, கவலை வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பியிருந்தார். எட்டாவது மாதத்திலிருந்து நாய் பின்னங்காலை இழுத்து நடக்கிறது. பரம்பரையாக வரும் இடுப்பு மூட்டுக் கோளாறு, ஹிப் டிஸ்பிளேசியா என்கிறார் மருத்துவர். இப்போது 14 மாதம். இதுவரை 22,000 செலவு. விற்றவர் "நீங்கள் வளர்த்த லட்சணம்" என்று ஏசிவிட்டு என் எண்ணைத் தடுத்துவிட்டார். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்டு வழக்குப் போட விரும்புகிறேன். அதற்குள் ஒரு ஈத்துக் குட்டி எடுத்தால் மருத்துவச் செலவாவது தேறும் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட வேண்டாம். கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டேன். அவர் ஏசியது, எண்ணைத் தடுத்தது, மாமியார் அன்றைக்கே வேண்டாம் என்று சொன்னது, இவை எதற்கும் சட்டத்தில் விலை இல்லை. மகளின் வருத்தம் எனக்குப் புரிகிறது, நுகர்வோர் ஆணையத்துக்கும் புரியும். ஆனாலும் 35,000 ரூபாய்க்கு வாங்கிய நாய்க்காக 10 லட்சம் மன உளைச்சல் கேட்டால் மனுவின் மற்ற பக்கங்களையும் அதே சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். கேட்கும் தொகையைக் கூட்டினால் வழக்கின் பலம் கூடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த ஆணையம் என்பதையும் கட்டணம் எவ்வளவு என்பதையும் முடிவு செய்வது நீங்கள் கொடுத்த விலைதான். உங்கள் விலைக்கு வேலூர் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. அதனால் பெரிய தொகையாகக் கேட்போமே என்று எல்லோருக்கும் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தில் சட்டப்படி முக்கியமானது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் கடைசி யோசனை. நீங்கள் நுகர்வோரா, இல்லையா? வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோர் அல்லர். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. மாதச் சம்பளக்காரரான உங்களுக்கு அது பொருந்தாது. ஒருவர் எதற்காக வாங்கினார் என்ற கேள்வி வந்தால் அவருடைய முதன்மை நோக்கம் என்ன என்றுதான் உச்ச நீதிமன்றம் பார்த்து வந்திருக்கிறது. வீட்டில் வளர்க்க வாங்கினேன் என்று நீங்கள் சொல்வீர்கள். விற்றவர் என்ன காட்டுவார்? நீங்கள் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடலிலேயே இருக்கிறது. குட்டி பார்க்கப் போன அன்று ராத்திரி, "பெண் குட்டி எடுங்கள் சார், ஒரு ஈத்திலேயே போட்ட காசு வந்துவிடும்" என்று அவர் எழுதுகிறார். நீங்கள் ஒரு கட்டைவிரலை அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்தக் கட்டைவிரல் ஒன்றே வழக்கைக் கொன்றுவிடாது. வியாபாரி ஆசை காட்டினார், மரியாதைக்குப் பதில் போட்டேன் என்று வாதாடலாம். ஆனால் இப்போது ஒரு ஈத்து எடுத்துவிட்டீர்கள் என்றால், அன்றைக்கு நீங்கள் என்ன நினைத்து வாங்கினீர்கள் என்பதற்கு இன்றைய செயலே சாட்சியாகிவிடும். பிறகு எந்த வக்கீலாலும் உங்களை நுகர்வோர் என்று நிறுத்த முடியாது. சிவில் நீதிமன்றம்தான் வழி. அங்கே நீதிமன்றக் கட்டணம், வாய்தா, வருடக் கணக்கு. 35,000 ரூபாய்க்காக அந்தப் படியில் ஏறச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை சொன்னதில்லை.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. இந்த நாய்க்குப் பரம்பரைக் கோளாறு என்று மருத்துவர் எழுதிய சீட்டு உங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே கிராஸ் போட்டு, ஐந்தாறு குட்டிகளை ஆளுக்கு 20,000, 25,000 என்று விற்றால், வாங்கும் ஆறு பேருக்கும் நீங்கள்தான் ஆற்காட்டுக்காரர். அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நீங்கள் இனிமேல்தான் நிரூபிக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை நிரூபிக்க அவர்களுக்கு உங்கள் சொந்த மனுவே போதும், பரம்பரை நோய் என்று அதில் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே! தெரிந்தே மறைத்து விற்றால் அது வெறும் நஷ்டஈட்டு விவகாரமாக நிற்காது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் ஏமாற்றுதல் என்று புகார் எழுதத் தெரிந்த ஒருவர் அந்த ஆறு பேரில் இருக்கமாட்டாரா?

ராணிப்பேட்டையைச் சேர்ந்த என் கட்சிக்காரர் ஒருவர் ஜெர்மன் ஷெப்பர்டு விஷயத்தில் இதைத்தான் செய்தார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே குட்டி எடுத்து விற்றார். என்னிடம் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பதிலுரையின் இணைப்பில், அவர் முகநூலில் போட்டிருந்த குட்டி விளம்பரத்தின் நகல் இருந்தது. நான்கு குட்டிகள் ஒரு மூங்கில் கூடையில், மேலே விலை. மனுவைத் திரும்பப் பெறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதோடு அவரிடம் குட்டி வாங்கியவர்களில் இருவர் அவருக்கே நோட்டீஸ் அனுப்பினார்கள்.

2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்கும் முன் மைக்ரோசிப் வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு 45 நாளில் விற்றது விதிமீறல். நம் பக்கத்தில் 45 நாள்தான் வழக்கம் என்று அவர் சொல்லக்கூடும், விதி வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு இருக்காது. ஆனால் இந்த மீறலால் மட்டும் உங்கள் கைக்கு ஒரு ரூபாயும் வராது. பேச்சுவார்த்தையில் அவருடைய வக்கீலுக்கு உறைக்கிற விஷயம், அவ்வளவே. நீங்கள் குட்டி எடுத்தால் இதே விதிகள் உங்கள் மேலும் பாயும்.

சரி, உங்கள் பக்கம் என்ன பலம் இருக்கிறது? அந்தக் குரல் பதிவு. கேசிஐ பேப்பரை நம்பாதீர்கள். அது வம்சாவளி சொல்லும், உடல்நலம் சொல்லாது. பரம்பரை நோய் என்பதும் தன்னளவில் போதாது. ஹிப் டிஸ்பிளேசியா ஒரே ஒரு மரபணுவால் வருவதல்ல, பல சேர்ந்து வருவது. நன்றாக ஓடியாடும் தாய் தகப்பனுக்கும் இப்படிக் குட்டி பிறக்கும். அதனால் எனக்கெப்படித் தெரியும் என்று அவர் கைவிரிக்கலாம். ஆனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன் என்று அவரே வாயால் சொல்லியிருக்கிறார். விற்பவர் தன் பொருளைப் பற்றிச் சொன்ன தரம் அதில் இல்லாவிட்டால், சட்டம் அதையும் குறைபாடு என்கிறது. அந்த எக்ஸ்ரேவைக் காட்டுங்கள் என்று நோட்டீஸில் முதல் வரியாகக் கேட்கலாம். அவரிடம் அப்படி ஒன்று இருக்காது என்பது என் ஊகம். குரல் பதிவை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணத்துக்குக் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். கட்டைவிரலை மட்டும் அழித்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், அதன் இன்னொரு பிரதி அவர் போனில் இருக்கிறது.

அடுத்து, நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரே. படத்தின் மூலையில் தேதியும் 'லாப்' என்ற எழுத்தும் இருக்கின்றன, வேறொன்றும் இல்லை. உரிமையாளர் பெயர் இல்லை, நாயின் வயது இல்லை, சிப் எண் இல்லை. இது எந்த வீட்டு நாயின் இடுப்பு? அதனால் அறுவைச் சிகிச்சை செய்வதாக இருந்தால் அதற்கு முன்பே சிப் வைத்து, அந்த எண் படத்தில் வரும்படி மறுபடி எடுக்க வேண்டும். மூட்டின் தலையை வெட்டி எடுத்த பிறகு ஆணையம் நிபுணர் அறிக்கை கேட்டால் காட்ட ஒன்றும் மிஞ்சாது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். மனிதருக்கு வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிற ஊரில் இருந்துகொண்டு, நாய்க்காக நாம் காட்பாடியில் ரயிலேற வேண்டியிருக்கிறது.

அந்த அறிக்கையில் எடையும் வரும். அதற்குத் தயாராக இருங்கள். 14 மாதப் பெண் லாப்ரடார் 37 கிலோ என்று உங்கள் சிகிச்சைச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. வளர்ந்த பெண் நாயே பெரும்பாலும் 25 முதல் 32 கிலோவுக்குள்தான் இருக்கும். ஞாயிறு தவறாமல் ஆம்பூர் பிரியாணி கொடுத்ததையும், இரண்டாவது மாடியிலிருந்து டைல்ஸ் படியில் தினமும் ஏற்றி இறக்கியதையும் பாசத்தோடு எழுதியிருக்கிறீர்கள். பரம்பரைக் கோளாறாகவே இருந்தாலும், அதிக எடையும் வழுக்கும் தரையும் அதை மோசமாக்கும் என்று எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வார். எதிர்த்தரப்பு இந்த ஒரு வாதத்தை வைத்தே நஷ்டஈட்டைப் பாதியாக வெட்டப் பார்க்கும். "நீங்கள் வளர்த்த லட்சணம்" என்று அவர் ஏசியதில் கொஞ்சம் சட்டமும் இருக்கிறது.

அவருடைய படத்தைப் போட்டு 'நாய் மோசடிக்காரர்' என்று மூன்று குழுக்களில் எழுதியதாகச் சொல்கிறீர்கள். இன்றே எடுத்துவிடுங்கள். அவதூறு, அதே நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. உண்மை என்றால் மட்டும் தப்பிவிட முடியாது, பொதுநலனுக்காகச் சொன்னது என்பதையும் காட்ட வேண்டும். அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது, உங்கள் மனைவியின் எண்ணிலிருந்து நீங்கள் அனுப்பிய செய்தி: "வெள்ளிக்கிழமைக்குள் பணம் வரவில்லை என்றால் ஊர் முழுக்கப் போடுவேன்." பேரைக் கெடுப்பேன் என்று பயமுறுத்திப் பணம் கேட்டால் அது மிரட்டிப் பறித்தல் என்று ஒரு புகாருக்குத் தலைப்பாகிவிடும், 308ஆம் பிரிவு. புகார் நிற்கிறதோ இல்லையோ, காவல் நிலையத்தில் நிற்பவர் நீங்கள். விலங்குகள் நல வாரியத்துக்குப் புகார் அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பணம் கொடு, இல்லையேல் புகார் செய்வேன் என்று இரண்டையும் ஒரே செய்தியில் முடிச்சுப் போடாதீர்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ். அதில் நாயின் விலையும் பில் உள்ள மருத்துவச் செலவும் கேளுங்கள், மன உளைச்சல் வேண்டாம். 25,000 தருகிறேன் என்று வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம். வங்கி வழியாகப் பணம், முழுத் தீர்வு என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள், நீங்கள் குழுக்களில் போட்டதை நீக்கியதற்கும் அவர் உங்கள் மேல் புகார் செய்யமாட்டார் என்பதற்கும் அதிலேயே ஒரு வரி. ஒத்துவரவில்லை என்றால் வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்விட வேண்டும். நோய் தெரிந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று வாதிட இடம் உண்டு, ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்கார வேண்டாம். மனு போட்ட பிறகும் ஆணையமே மத்தியஸ்தத்துக்கு அனுப்பக்கூடும்.

பேச வரும்போது அவர் பெரும்பாலும் ஒன்று சொல்வார்: "நாயைக் கொண்டுவந்து விடுங்கள், அடுத்த ஈத்தில் வேறு குட்டி தருகிறேன்." நாயைக் கொடுக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பொருளை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை பொருள் விற்பனைச் சட்டத்தில் உங்களுக்கு இனி இல்லை, நஷ்டஈடு கேட்கும் உரிமைதான் மிச்சம். கொடுத்துவிட்டால் உங்கள் சாட்சியமும் அவர் கொட்டிலுக்குப் போய்விடும். அந்தக் காலோடு அங்கே அது குட்டி போட்டுக்கொண்டிருக்கும். வேறு குட்டியும் வாங்காதீர்கள், அதே தாய்க்குப் பிறந்ததாக இருக்கும். அதே ஈத்தில் குட்டி எடுத்த குடியாத்தத்துக்காரரின் நாயும் நொண்டுகிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஓரத்தில் எழுதியிருக்கக் கூடாது. நோட்டீஸ் போவதற்கு முன்பு அவரைப் பார்த்து, அந்த நாய்க்கும் சிப் எண்ணோடு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், செலவை நீங்களே கொடுத்தாலும் தவறில்லை.