கணினி கேள்வி – பதில்: சர்வரும் ஸ்ட்ரிங்கும்

கேள்வி: சி பிளஸ் பிளஸ்ஸில் சொந்தமாக ஒரு எச்டிடிபி சர்வர் எழுதியிருக்கிறேன். இணைப்புகள் கூடினால் சிபியூ 100 சதவீதத்தைத் தொடுகிறது. நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் பெர்ஃப் (perf) கருவியை ஓட்டினால், நினைவகம் ஒதுக்கும் மாலக்கும் (malloc) பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பியும்தான் (memcpy) முதலில் நிற்கின்றன. நெட்வொர்க்கில் கோளாறா?

பதில்: நெட்வொர்க்கின் மேல் பழி போடாதீர்கள். கோரிக்கையின் தொடக்கத்தில் வரும் ஹெட்டர்களை (பெயரும் மதிப்பும் கொண்ட வரிகள்) பிரிக்கும்போது பெயரையும் மதிப்பையும் தனித்தனி ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடர்) நகலெடுக்கிறீர்களா என்று பாருங்கள். ஜிசிசி (GCC) கம்பைலரோடு வரும் நூலகத்தில் 15 பைட் வரை ஸ்ட்ரிங் ஆப்ஜெக்டுக்குள்ளேயே அடங்கும். ஒரு பைட் கூடினாலும் ஹீப்பில் (நிரல் ஓடும்போது மாலக் ஒதுக்கித் தரும் நினைவகம்) இடம் கேட்கும். குக்கி, யூசர்-ஏஜென்ட் போன்றவை அநேகமாக அந்த எல்லைக்குள் நிற்காது.

சி பிளஸ் பிளஸ் 17 முதல் ஸ்ட்ரிங் வியூ (string_view) இருக்கிறது. முகவரி, நீளம் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளும்; நகல் இல்லை. ஆனால் மூல பஃபர் (வந்த பைட்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம்) வளர்ந்து வேறு இடத்துக்கு மாறினால் வியூக்கள் எல்லாம் செத்த முகவரியைக் காட்டும். சோதனையில் பெரும்பாலும் சிக்காது, பெரிய கோரிக்கை வரும் நாளில்தான் கிராஷ் ஆகும். 8 கேபி நிலையான பஃபர் வைத்து, ஹெட்டர் அதைத் தாண்டினால் 431 (ஹெட்டர் மிகப் பெரியது என்னும் எச்டிடிபி பிழை எண்) அனுப்பிவிடுவதே என் தேர்வு. இன்னொன்று: வியூவின் முடிவில் பூஜ்ய பைட் இருக்காது. எண்ணாக மாற்ற, அந்தப் பைட்டை எதிர்பார்க்கும் ஏடாய் (atoi) வேண்டாம், முடிவிடத்தை நாமே சொல்லும் ஃப்ரம் கேர்ஸ் (from_chars) பயன்படுத்துங்கள்.

கேள்வி: மெதுவான இணைப்பில் இருந்து ஹெட்டர் துண்டு துண்டாக வந்தால் இன்னும் மோசமாகிறதே?

பதில்: ஒவ்வொரு துண்டு வந்ததும் ஹெட்டர் முடிவை (13, 10, 13, 10 என்ற நான்கு பைட்) பஃபரின் தொடக்கத்தில் இருந்து தேடுகிறீர்கள் போலிருக்கிறது. 8000 பைட் ஹெட்டர் ஒவ்வொரு பைட்டாக வந்தால் சுமார் 3.2 கோடி பைட்டுகளைப் புரட்ட வேண்டும். விஷமிகளுக்கு இது நல்ல வசதி! முன்பு தேடி முடித்த இடத்தைக் குறித்து வைத்து, அதில் இருந்து 3 பைட் பின்னால் தொடங்குங்கள். அந்த 3 பைட்டை விட்டால், முடிவுக் குறி இரண்டு துண்டுகளுக்கு நடுவே உடைந்து வரும்போது கண்ணில் படாமல் போகும்.

கேள்வி: பதில் அனுப்ப ஹெட்டரையும் உடலையும் (பதிலின் உள்ளடக்கம்) ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரைட்வி (writev) இரண்டையும் ஒரே சிஸ்டம் கால் (இயங்குதளத்துக்கான அழைப்பு) மூலம் அனுப்பும். கேட்டதைவிடக் குறைவாக எழுதிவிட்டும் அது திரும்பலாம். அது திருப்பித் தரும் எண்ணைப் பார்த்து மிச்சத்தில் இருந்து தொடருங்கள். மறுபடி முதலில் இருந்து அனுப்பினால் ஹெட்டர் இரண்டு முறை போய்ச் சேரும்.