ரொட்டியில் தடவ வாடையில்லாத சீஸ் எது?

ஜெர்மனிக் கடையில் ‘ஃபிரிஷ்கேசே’ (முதிரவைக்காத புதிய சீஸ்) என்று அச்சிட்ட டப்பாவை வாங்குங்கள். வாடையில்லாமல் ரொட்டியில் தடவ நீங்கள் கேட்கும் சீஸ் அதுதான். அதன் இலேசான புளிப்பும் வேண்டாம் என்றால், பாலேட்டைச் சூடாக்கி அமிலம் விட்டுத் திரித்துச் செய்யும் இத்தாலிய மஸ்கர்போனே இன்னும் இதமானது. கத்தியில் எடுத்தால் வெண்ணெய்போல வழுவழுப்பாகப் படியும், ஆனால் கொழுப்பு மிகுதி.

நீங்கள் வாங்கிய கமாம்பேர் என்ற பிரெஞ்சு மென்சீஸில் அம்மோனியா நெடி அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். மேலே வளர்க்கப்படும் வெண்பூஞ்சை, புரதத்தைச் சிதைத்துக்கொண்டே போய் அளவுக்குமேல் முதிர்ந்துவிட்டதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஃபிரிஷ்கேசே அப்படி முதிரவைக்கப்படுவதில்லை.

வாங்கும்போது, மேல்தோல் உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். பெயரில் ‘ட்சீகன்’ என்றிருந்தால் அது வெள்ளாட்டுப் பால்; அந்த வீச்சம் முதல்முறைக்கு வேண்டாம். சிறிய டப்பாவாக வாங்கி, ஒரு துண்டு ரொட்டியில் எதுவும் சேர்க்காமல் தடவிச் சுவைத்துப் பாருங்கள்.

நீங்கள் சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: சில ஃபிரிஷ்கேசேயில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ந்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை உட்பொருள் பட்டியலில் குறிப்பிட வேண்டிய கட்டாயம் இல்லாததால், சைவ முத்திரை உள்ள டப்பாவையே தேர்ந்தெடுங்கள்.