கெட்டவன் இல்லாத கதையில் இருள் எங்கே?

கேள்வி: அடையாறு முகத்துவாரத்தின் உடைந்த பாலத்தடியில் நடக்கும் ஒரு மாயக் காதல் கதை எழுதி வருகிறேன். செல்வம் இரவுதோறும் இறந்தவர்களைக் கட்டுமரத்தில் அக்கரை சேர்க்கிறான். ஒவ்வொருவரைச் சேர்க்கும்போதும் அவன் நினைவுகளில் ஒன்று அழிந்துவிடும். வலை பின்னும் தாசன் விடியலில் தேநீருடன் அவனுக்காகக் காத்திருப்பான். இருவரும் காதலர்கள், இருவருமே நல்லவர்கள். கெட்டவனே இல்லாத கதையில் இருள் எங்கே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒருவனைக் கெட்டவனாக்கட்டுமா? கதை நடப்பது 1972-இல்.

- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் கதைக்கு வேண்டிய இருள் முழுவதும் நீங்களே வகுத்த அந்த விதியில் இருக்கிறது. பிறருக்கு உதவ உதவத் தன் காதலனை இழந்துகொண்டே வரும் ஒருவனைப் படைத்துவிட்டு, வெளியே எதற்கு வில்லனைத் தேடுகிறீர்கள்? செல்வம் இரக்கமற்றவனாக இருந்தால் துடுப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். இரக்கம் உள்ளவன் என்பதால்தான் அவனால் போக முடியவில்லை.

நல்லவர்கள் ஒருவரையொருவர் நோகடிக்கக் கூடாது என்று எதையெல்லாம் மறைப்பார்கள் என்பதை எழுதுங்கள். தாசனின் உள்ளங்கையில் ஒரு பழைய தழும்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காயத்துக்குத் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்டவன் செல்வம்தான். ஒரு விடியலில் செல்வம் அதைத் தடவிப் பார்த்து, "இது எப்படி ஆச்சு?" என்று கேட்கிறான். தாசன் கையை இழுத்துக்கொள்ளாமல், அன்றுதான் முதன்முதலாகச் சொல்பவனைப் போல, கட்டுப்போட்டவன் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் சொல்கிறான். இதைவிடக் கொடிய காட்சியை எந்தப் பேயாலும் உங்களுக்குத் தர முடியாது.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர்விட வடக்கு நோக்கி அமர்ந்தபோது, தான் நேரில் கண்டேயிராத புலவர் பிசிராந்தையாருக்கு அருகில் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான்; அவரும் வந்து சேர்ந்தார். அது நட்பின் வரலாறுதான் என்றாலும், இரண்டு நல்ல ஆண்களின் அன்பு சாவின் அருகில் நின்று பேசுவது நம் புறநானூற்றுக்குப் புதிதல்ல.

ஆண்டை மட்டும் மாற்றுங்கள். அந்தப் பாலம் 1967-இல் கட்டப்பட்டு 1977-இல்தான் இடிந்தது. ஆகவே 1972-இல் அது முழுப் பாலம். கதையை 1980-களுக்கு நகர்த்தினால் பாலமும் உடைந்திருக்கும், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவும் நடைமுறையில் இருக்கும். வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6-இல்தான் என்பதால், அவர்கள் ஊர் விழிக்கும் முன்பே சந்தித்துப் பிரிவதற்குத் தனியாகக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை.

முடிவில் இருவரில் ஒருவரைச் சாகடித்துவிடாதீர்கள். இத்தகைய காதலர்களைக் கொன்றே கதையை முடிக்கும் வழக்கம் எனக்குச் சலித்துவிட்டது. செல்வம் தாசனையே மறந்துபோகும் அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், ஆவலோடு படிப்பேன்.