தனி டிவி வேண்டாம்

கேள்வி: எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். மாமனாருக்கு 78 வயது. மாமியார் தவறி மூன்று வருடம் ஆகிறது. இரவு ஒன்பதரைக்கு நானும் பிள்ளைகளும் பிக் பாஸ் பார்க்க உட்கார்ந்தால், ‘இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா?’ என்று ஆரம்பித்துவிடுவார். அனிருத் பாட்டு போட்டால் இரைச்சல் என்பார். சின்ன வயதில் மாடர்ன் தியேட்டர்ஸில் லைட் தூக்கியவர், அதனால் சினிமா, பாட்டு எல்லாம் தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைப்பு. அவர் வாயைத் திறந்தாலே என் 9 வயது மகன் சவுண்டைக் கூட்டிவிடுவான், எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் அறைக்குத் தனி டிவி வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வாங்கலாமா? பிடித்ததைப் பார்க்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?

- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: டிவி வாங்காதீர்கள்.

இதே கடிதம் எனக்கு வருடா வருடம் வருகிறது, நிகழ்ச்சியின் பெயர்தான் மாறும். பிக் பாஸ் பார்ப்பது குற்றமில்லை. உங்களுக்கு அனிருத் பிடிக்கிறது, அவருக்குப் பிடிக்கவில்லை. சரி, அதில் தீர்ப்புச் சொல்ல ஆள் தேவையில்லை.

என்னை உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. தாத்தா வாயைத் திறந்தால் பேரன் சவுண்டைக் கூட்டுகிறான், நீங்கள் சிரிக்கிறீர்கள்.

அவனுக்கு அது யாரிடமிருந்து வந்தது அம்மா? ஒருநாள் உங்களில் ஒருவர் செய்ததைப் பார்த்திருப்பான். இல்லை, அவனாகவே செய்தான் என்றே வைத்துக்கொள்வோம். முதல் தடவையே ‘டேய்’ என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நீங்கள் சிரித்தீர்கள். இன்னும் இருபது வருடம் கழித்து, நீங்கள் பேசும்போது அவன் எதைக் கூட்டுவான் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

பெரியவர்கள் சொன்னதையே சொல்வார்கள், எரிச்சல் வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் மூன்று வருடமாக அவருக்குப் பேச்சுத்துணை இல்லை என்பதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். வீடே ஒன்றாக உட்காருகிற நேரம் ஒன்பதரை. ‘இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா?’ என்று கேட்டால் யாராவது பதில் சொல்வார்கள் என்று அவர் காத்திருக்கிறார். அதே பிக் பாஸில் ஒரு வாரம் போட்டியாளர்களை அசையாமல் நிற்கவைத்து, அப்பா அம்மாவை உள்ளே அனுப்புவார்களே, அப்போது அழாதவர்கள் உண்டா? நானும் அழுதிருக்கிறேன். யாரோ ஒருவரின் அப்பாவுக்காகக் கண் கலங்குகிற வீட்டில், பின்னால் நாற்காலியில் இருக்கிற அப்பா பேசினால் சவுண்டு ஏறுகிறது.

‘லைட் தூக்கியவர்’ என்று இரண்டே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். எங்கே தூக்கினார்? 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா நிறுவனம் மாடர்ன் தியேட்டர்ஸ். மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938-ல் அவர்கள் எடுத்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அவர்கள் எடுத்தது. சென்னையை விட்டுத் தள்ளி, நம் ஊரில் இருந்துகொண்டு நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். 1963-ல் சுந்தரம் காலமான பிறகு மகன் ராமசுந்தரம் நடத்தினார், ஜெய்சங்கர் படங்களெல்லாம் அப்போது வந்தவை. மாமனாரின் வயதைக் கணக்குப் போட்டால் அந்தக் காலமாகத்தான் இருக்கும். அந்த விளக்குச் சூட்டில் நின்றவர் ஒருவர் உங்கள் கூடத்திலேயே இருக்கிறார். பாட்டுக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று உங்கள் மகன் ஒருநாளாவது அவரிடம் கேட்டிருக்கிறானா?

தனி டிவி வந்தால் முதல் வாரம் நிம்மதியாகத்தான் இருக்கும். அப்புறம் சாப்பாட்டுத் தட்டு அறைக்குப் போகும். அப்புறம் மாத்திரையும் தண்ணீரும். ஆறு மாதத்தில் கூடத்துக்கு வர அவருக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. பல வீடுகளில் பார்த்துவிட்டேன். பெற்றவரை வீட்டுக்குள்ளேயே ஒதுக்கிவைப்பதை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவதற்குச் சமமாகத்தான் நான் நினைக்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். யோசனை சொன்ன உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். டிவிக்குக் காசு எடுத்துவைக்கும் முன், தன் அப்பா பக்கத்தில் கடைசியாக அரைமணி நேரம் உட்கார்ந்தது எப்போது என்று அவர் நினைத்துப் பார்க்கட்டும்.

ஏற்காடு போகிற சாலையில் அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் மகனையும் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். எது எங்கே இருந்தது என்று அவர் கை நீட்டிக் காட்டட்டும்.

ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி அவர் பேச ஆரம்பித்ததும் உங்கள் மகனின் கை ரிமோட்டுக்குப் போகும். அதை வாங்கிக்கொள்ளுங்கள். அவன் பார்க்கும்படி சவுண்டைக் குறைத்துவிட்டு, ‘சொல்லுங்க மாமா’ என்று அவர் பக்கம் திரும்பி உட்காருங்கள்.