ஆறுதலும் ஆற்றுதலும்: ஒரு வினைச்சொல்லைப் பற்றிய கேள்வி பதில்

துன்பத்தைத் தணிவிப்பதைக் குறிக்கும் ‘ஆற்று’ என்னும் வினையின் பொருளையும் வழக்கையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ஒரே செய்தியைக் கேட்டிருந்த சிலருக்குச் சேர்த்து விடை தந்திருக்கிறேன்.

கேள்வி (மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்): ‘நோயாளியின் துயரம் ஆறியது’ என்றும் ‘நோயாளியின் துயரத்தை ஆற்றினேன்’ என்றும் எழுதுகிறோம். இரண்டும் சரிதானா? என்ன வேறுபாடு?

பதில்: இரண்டும் சரி. ‘ஆறு’ தன்வினை, ‘ஆற்று’ பிறவினை. மாறு – மாற்று, தேறு – தேற்று, ஏறு – ஏற்று என்னும் இணைகளைப் போலவே இங்கும் றகரம் இரட்டித்துப் பிறவினை பிறக்கிறது. பால் ஆறுகிறது, பாலை ஆற்றுகிறோம். புண் ஆறுகிறது, மருந்து புண்ணை ஆற்றுகிறது. ‘ஆறுவது சினம்’ என்று ஆத்திசூடி சொல்வதும் இந்த ஆறுதலைத்தான்.

தேநீர்க் கடையில் ஒருவர் தேநீரை ஆற்றுவதைப் பாருங்கள். அவர் சூட்டைக் கையால் எடுத்து எறிவதில்லை. உயரத் தூக்கி ஊற்றிக் காற்றுப் படச் செய்கிறார், சூடு தானாகவே இறங்குகிறது. துயரத்தை ஆற்றுவதும் அப்படிப்பட்ட செயல் என்றே இந்தச் சொல் நமக்குக் காட்டுகிறது: ஆறவேண்டியது துயரப்படுபவரின் உள்ளம், ஆற்றுபவர் அதற்கு வழி செய்பவர். ஆறுதற்குக் காலம் வேண்டும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஆற அமர’ என்று பொறுமையைச் சொல்கிறோம். ஒரு சிக்கலை உடனே கிளறாமல் விட்டுவைப்பதை ‘ஆறப்போடுதல்’ என்கிறோம். உங்கள் பணியில் இருப்பவர்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): ‘ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல் அப்பசியை மாற்றுவார் ஆற்றலின் பின்’ என்னும் குறளில் ‘ஆற்று’ நான்கு முறை வருகிறது. மாணவர்கள் ‘பசிஆற்றல்’ என்பதற்குப் பிறருக்கு உணவளித்தல் என்று பொருள் கொள்கிறார்கள். எப்படி விளக்குவது?

பதில்: மாணவர்கள் இன்றைய வழக்கைக் கொண்டு படிக்கிறார்கள், அவர்கள் மேல் பிழையில்லை. ஆனால் இந்த 225ஆம் குறளில் ‘பசிஆற்றல்’ என்பது தன் பசியைப் பொறுத்துக்கொள்ளுதல். பரிமேலழகரும் அவ்வாறே உரை கொள்கிறார். தவ வலிமை உடையவர்களின் வலிமை, தமக்கு வந்த பசியைத் தாங்கிக்கொள்வது. அதுவும், பிறருடைய பசியைப் போக்குகிறவர்களின் வலிமைக்கு அடுத்த நிலையில்தான் வைக்கப்படும் என்பது கருத்து. ‘மாற்றுவார்’ என்னும் வேறு வினையைப் பிறர் பசிக்கு வள்ளுவர் எடுத்துக்கொண்டதே இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது.

நான் வகுப்பில் இதை விளக்கும்போது ‘ஆற்று’ என்னும் சொல்லுக்கு இருக்கும் மூன்று பொருள்களைப் பலகையில் எழுதிவிடுவேன். முதலாவது பொறுத்தல். ‘அரிதாற்றி அல்லல்நோய் நீக்கிப் பிரிவாற்றிப் பின்இருந்து வாழ்வார் பலர்’ என்று பிரிவாற்றாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்வது இதுதான். அந்த அதிகாரத்தின் பெயரிலுள்ள ‘ஆற்றாமை’யும் பொறுக்கமுடியாமையே. இரண்டாவது செய்தல். ‘மாரிமாட்டு என்ஆற்றுங் கொல்லோ உலகு’ என்றால், மழைக்கு இந்த உலகம் என்ன கைம்மாறு செய்துவிடும் என்று பொருள். உரையாற்றுகிறோம், பணியாற்றுகிறோம் என்னும்போது நாம் இன்றும் கையாளுவது இந்தப் பொருளைத்தான். மூன்றாவது தணிவித்தல். இச்சொல்லின் வேர் ஒன்றா பலவா என்னும் விவாதத்தை மாணவர்களிடம் கொண்டுபோக வேண்டாம். தாங்குவதும், செய்வதும், பிறர் துன்பத்தைத் தணிப்பதும் தமிழில் ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன, மூன்றுக்கும் வலிமை வேண்டும், அந்த வலிமைக்கு ‘ஆற்றல்’ என்று பெயர் என்பதைக் காட்டினாலே குறளின் சொல்விளையாட்டை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி (முதுகலை மாணவி): துன்புற்றவருக்கு உதவுதல் என்னும் பொருளுக்குப் பழைய இலக்கியத்தில் நேரான சான்று உண்டா?

பதில்: உண்டு, அதுவும் வரையறையாகவே உண்டு. ‘ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல், போற்றுதல் என்பது புணர்ந்தாரைப் பிரியாமை’ என்று கலித்தொகையின் 133ஆம் பாடல் சொல்கிறது. அலந்தவர் என்றால் துன்புற்று அலமருபவர். இந்த அடிகளைத் தனியே எடுத்து அறவுரையாக மேடையில் சொல்கிறார்கள். ஆனால் இது நெய்தற்கலியில், தலைவியை மணந்துகொள்ளாமல் காலம் தாழ்த்தும் தலைவனிடம் தோழி சொல்வது. வாடிக்கிடக்கும் பெண்ணுக்கு உதவாதவன் ஆற்றுதல் என்னும் பண்பை அறியாதவன் என்னும் குத்தல் அதற்குள் இருக்கிறது. சூழலோடு படித்தால்தான் அந்த வரையறையின் கூர்மை தெரியும்.

மணிமேகலையின் பாத்திரம் பெற்ற காதையையும் பாருங்கள். ‘ஆற்றுநர்க்கு அளிப்போர் அறவிலை பகர்வோர், ஆற்றா மாக்கள் அரும்பசி களைவோர் மேற்றே உலகின் மெய்ந்நெறி வாழ்க்கை’ என்று மணிபல்லவத் தீவின் காவல் தெய்வமான தீவதிலகை மணிமேகலைக்குச் சொல்கிறாள். ஆற்றுநர் இங்கே திரும்பச் செய்யும் வசதியுடையவர். அவருக்குக் கொடுப்பவர் அறத்தை விற்கிறார். ஆற்றா மாக்கள் என்போர் அந்த வலிமை இல்லாத ஏழையர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிவில் வருந்தும் தலைவியைத் தோழி ஆற்றுவிப்பதைச் சங்கப் பாடல்களின் துறைக்குறிப்புகள் (பாடலின் சூழலைச் சொல்லும் குறிப்புகள்) ‘வற்புறுத்தல்’ என்று குறிக்கின்றன. அவர் வருவார் என்று உறுதி சொல்லித் தேற்றுவது அது. இன்று வற்புறுத்தல் என்றால் கட்டாயப்படுத்துதல். ஆய்வேட்டில் இந்த இடத்தில் தடுமாறிவிடாதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்): உளநல உதவியை ‘ஆற்றுப்படுத்தல்’ என்று எழுதுகிறோம். இது ‘ஆற்று’ என்னும் வினையிலிருந்து வந்ததா?

பதில்: இல்லை. இதிலுள்ளது வழி என்று பொருள்படும் ‘ஆறு’ என்னும் பெயர்ச்சொல். ஆற்றுப்படுத்தல் என்றால் வழியில் செலுத்துதல். பரிசில் பெற்று வரும் பொருநரும் பாணரும் தம்மைப் போன்ற வறியவரை எதிர்ப்பட்டு, இன்ன வள்ளலிடம் இன்ன வழியில் செல்லுங்கள் என்று சொல்வதே ஆற்றுப்படை. ஆனாலும் உளநலப் பணிக்கு இச்சொல்லை எடுத்தது நல்ல தேர்வு என்பது என் எண்ணம், ஏனெனில் தான் நடந்து வந்த வழியை வறுமையில் இருக்கும் இன்னொருவருக்குக் காட்டும் பரிவு அந்த இலக்கிய வகையின் உயிர். உங்கள் ஊரில் ஓய்வு பெற்றவரை ‘இளைப்பாறிய ஆசிரியர்’ என்பீர்களே, அதில்தான் தணிதலைக் குறிக்கும் ‘ஆறு’ இருக்கிறது.

கேள்வி (மலேசியாவிலிருந்து): நாங்கள் காலை உணவைப் ‘பசியாறுதல்’ என்கிறோம். தமிழகத்து நண்பர் இதைப் பழைய தமிழ் என்றார். உண்மையா?

பதில்: நல்ல தமிழ், தமிழகத்து முஸ்லிம் குடும்பங்களிலும் ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்பது இயல்பு. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): துன்பத்தை ஆற்று, தணி, களை, தீர், துடை என்று பல வினைகள் இருக்கின்றன. எதை எங்கே கையாளுவது?

பதில்: ‘தணி’ அளவைக் குறைப்பது. காய்ச்சலும் தாகமும் சினமும் தணியும். முருகன் சினம் தணிந்த இடம் என்று திருத்தணிக்குப் பெயர்க்காரணம் சொல்வார்கள். தணிந்தது மீண்டும் மூளலாம். இச்சொல்லில் தன்வினையும் பிறவினையும் ஒரே வடிவம். தணிகிறது – தணிக்கிறது, தணிந்தது – தணித்தது என்று காலம் காட்டும்போதுதான் பிரியும். இதைத் ‘தனித்தது’ என்று எழுதும் பிழை நாளிதழ்களிலும் வருகிறது, மொழிபெயர்ப்பில் கவனமாக இருங்கள்.

‘களை’ வேரோடு பிடுங்குவது. பயிருக்கு நடுவே முளைத்ததை எடுத்து எறிவதுபோல, துன்பத்தின் காரணத்தையே அகற்றுவது. ‘உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு’ என்னும் குறளில் ‘ஆற்றுவதாம்’ என்று வைத்துப் பார்த்தால் எவ்வளவு தளர்ந்துவிடுகிறது! ஆடை நழுவும்போது கைக்கு வேண்டியது விரைவு. ஆற்றுதலில் விரைவு இல்லை. ‘தீர்’ முடித்துவைப்பது, கடனும் பிணியும் தீரும். ‘துடை’ கண்ணீரோடு இயல்பாகப் பொருந்தும்.

ஆகவே நிதியுதவியால் ஒரு குடும்பத்தின் வறுமை நீங்கியது என்றால் களை, தீர் என்பவற்றுள் ஒன்றைக் கொள்ளுங்கள். காரணத்தை மாற்ற முடியாத துன்பத்திற்கு, குறிப்பாக இறப்புக்கும் பிரிவுக்கும், ‘ஆற்று’ அல்லது ‘தேற்று’. இவ்விரண்டிலும் சிறு வேறுபாடு உண்டு. தேற்றாங்கொட்டையை உரைத்தால் கலங்கிய நீர் தெளியும். தேற்றுதல் கலக்கத்திற்கு, ஆற்றுதல் வேதனைக்கு. விவிலியத் தமிழிலும் ‘துயரப்படுகிறவர்கள் ஆறுதலடைவார்கள்’ என்று மத்தேயுவிலும், ‘தேற்றரவாளன்’ என்று யோவானிலும் இரண்டு சொற்களும் தனித்தனியே இடம்பெற்றிருக்கின்றன.

கேள்வி (பெயர் குறிப்பிட விரும்பாதவர்): நண்பரின் மகன் இறந்துவிட்டான். இரங்கல் மடலில் ‘ஆறாத் துயரம்’ என்று எழுதுவதா, ‘ஆற்றொணாத் துயரம்’ என்று எழுதுவதா?

பதில்: உங்கள் நண்பருக்கு நேர்ந்ததை எண்ணி வருந்துகிறேன். ஆறாத் துயரம் என்பது தானாகத் தணியாத துயரம். ஆற்றொணா என்பது ஆற்ற ஒண்ணாத என்பதன் சுருக்கம். எவராலும் ஆற்றமுடியாத, தாங்கவும் முடியாத துயரம். இரண்டுமே இலக்கணப்படி சரி, இரண்டிலும் வல்லினம் மிகும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அது என்றும் ஆறாது என்று நாம் எழுத வேண்டாம். இந்நேரத்தில் எவராலும் ஆற்றமுடியாதது என்று மட்டும் ஒப்புக்கொள்ளலாம். ‘ஆற்றொணாத் துயரில் இருக்கும் உங்களோடு இருக்கிறோம்’ என்று எழுதுங்கள். ‘மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்பதை இந்த மடலில் சேர்க்காதீர்கள். பதினாறாம் நாள் கழிந்து, வந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகு நேரில் சென்று அவருடன் சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள்.